ராமேஸ்வரம் ரயில்: நேரம் எங்கே மிஞ்சுகிறது, அமெரிக்காவில் எங்கே தொலைந்தது

ராமேஸ்வரம் வண்டிகளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புக் கேட்டால் இதுதான்: படுத்துத் தூங்கிப் போகிறவர்களுக்கு நல்ல சேவை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சுமார். சென்னையிலிருந்து திருச்சி, காரைக்குடி, மானாமதுரை வழியாக வரும் சேது எக்ஸ்பிரஸுக்கு ஏறக்குறைய 600 கி.மீ. பாதை. அதற்குப் பத்தரை, பதினொரு மணி நேரம் பிடிக்கிறது. சராசரி வேகம் 60 கி.மீ.கூட வராது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு விட்ட வந்தே பாரத் சுமார் 650 கி.மீ. தூரத்தை 7 மணி 50 நிமிடத்தில் ஓடுகிறது. ராமநாதபுரத்துக்காரர்கள் பெருமூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது.

2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இந்தக் கரையில் ஒரு பேச்சு அடிபடுகிறது: பாலம் வந்தாச்சு, அடுத்தது புல்லட் ரயில்தான். பட்டணம்காத்தான் டீக்கடையிலும் இதே பேச்சு, மண்டபம் ஜெட்டியிலும் இதே பேச்சு. வேகம் என்பதை எஞ்சினிலும் பெட்டியிலும் தேடுகிற பேச்சு இது. ரயிலில் நேரம் மிஞ்சுவது வேகமான இடத்தை இன்னும் வேகமாக்குவதால் அல்ல, மெதுவான இடத்தை ஒழிப்பதால்தான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பாம்பனைவிட நல்ல இடம் கிடையாது. கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவைவிட நல்ல இடமும் கிடையாது.

முதலில் நம் பாலம். பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. போட் மெயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போன காலத்துக் கட்டுமானம். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தும்போது அனுமதித்த வேகம் மணிக்கு 10 கி.மீ. பாலத்தின் நீளம் 2 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்தானே, பன்னிரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். அது சரியான கணக்கு இல்லை. வேகக் கட்டுப்பாடு எஞ்சினுக்கு மட்டும் இல்லை, கடைசிப் பெட்டி பாலத்தைத் தாண்டும்வரை டிரைவர் வேகத்தைக் கூட்ட முடியாது. 22 பெட்டி வண்டி அரை கி.மீ.க்கு மேல் நீளம். ஆக 2.6 கி.மீ. தூரத்தை 10 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டும். கிட்டத்தட்ட 16 நிமிடம்.

புதுப் பாலத்தில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கொடுத்த அனுமதி 75 கி.மீ., கப்பலுக்கு வழிவிட நடுவில் உள்ள தூக்குப் பகுதியில் மட்டும் 50. அதே வண்டி இப்போது இரண்டரை நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். மிச்சம் 13 நிமிடம். சுமார் 150 கி.மீ. வரும் திருச்சி–மானாமதுரைப் பாதை முழுவதையும் 110 கி.மீ. வேகத்திலிருந்து 130க்கு உயர்த்தினாலும், வண்டி எங்கேயும் நிற்காமல் அந்த வேகத்திலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிஞ்சுவது ஏறக்குறைய இதே 13 நிமிடம்தான். இரண்டு கி.மீ. பழுதைச் சரிசெய்ததும் 150 கி.மீ. பாதையை உயர்த்துவதும் நேரக் கணக்கில் ஒன்று. புல்லட் ரயில் கேட்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் போதும்.

சரி, மிஞ்சிய 13 நிமிடம் பயணிக்கு வந்து சேர்ந்ததா? அங்கேதான் குறை. மானாமதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் நம் வண்டி ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு கிராஸிங் சரியாக அமைந்தால் ஐந்து நிமிடம் போகும். எதிர்வண்டி தாமதமானால் இருபது போகும், பாலத்தில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். ஒற்றைப் பாதையின் கெட்ட குணமே இதுதான், ஒரு வண்டியின் தாமதம் எதிரே வருகிற எல்லா வண்டிக்கும் தொற்றும். பாலத்தின் தூண்களை இரட்டைப் பாதைக்குத் தக்கபடி போட்டிருக்கிறார்கள் என்பது ஆறுதல். மேலே இப்போது ஓடுவது ஒரு தண்டவாளம்தான்.

நிறுத்தங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் இழுக்கும் சாதாரண வண்டி 110இல் வந்து நின்று மறுபடி 110ஐப் பிடிக்க, இரண்டு நிமிட நிறுத்தத்தையும் சேர்த்து நாலு, நாலரை நிமிடம் இழக்கும். பெட்டிகளிலேயே மோட்டார் உள்ள வந்தே பாரத் மாதிரி வண்டி மூன்றரைக்குள் முடித்துவிடும். அதன் லாபம் 160 ஓடுவதில் இல்லை, நின்று கிளம்புவதில் இருக்கிறது. நம் பாதையில் அதற்குத்தான் அந்த வண்டியைக் கேட்க வேண்டும்.

பாலத்தின் தூக்குப் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சேவையின் நம்பகம் அதில்தான் தொங்குகிறது. பழையதில் ஷெர்சர் வகை: இரண்டு இலைகளாகப் பிரிந்து, ஆட்கள் கைப்பிடி சுற்ற, இருபுறமும் உருண்டு நிமிரும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள, 660 டன் எடையுள்ள ஒரே துண்டு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே செங்குத்தாக 17 மீட்டர் ஏறுகிறது. எதிர் எடைகள் பாரத்தைச் சமன் செய்துவிடுவதால் மோட்டாருக்கு வேலை குறைவு. ஐந்தரை நிமிடத்தில் ஏறிவிடும். முன்பு முக்கால் மணி நேரம் ஆன வேலை.

இதில் தகராறு வருவது பாரத்தால் இல்லை, சமமின்மையால். நாலு மூலையும் ஒரே அளவில் ஏற வேண்டும், ஒரே அளவில் இறங்க வேண்டும். ஒரு மூலை கொஞ்சம் முந்தினால் துண்டு சாயும், உணர்கருவி அதைக் கண்டு மோட்டாரை நிறுத்தும். இறங்கிய பிறகும் தண்டவாள முனைகள் நேருக்கு நேர் உட்கார்ந்து, பூட்டு விழுந்து, அந்தத் தகவல் சிக்னலுக்குப் போனால்தான் பச்சை. திறப்பு விழா நாளிலேயே இறக்கும்போது கோளாறு என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். வண்டி நிற்கிறது என்றால் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பயணிக்கு அது தாமதம்தான், ஆனால் நல்ல தாமதம். உப்புக்காற்றில் இந்த மூட்டுகளைச் சுத்தமாக வைத்திருப்பதே பாதி வேலை. பாலத்துக்குத் துத்தநாகப் பூச்சு, எப்பாக்ஸி, அதன்மேல் பாலிசிலாக்சேன் என்று அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறார்கள். பூச்சு காப்பது இரும்பை. கம்பி வடத்துக்கும் கப்பிக்கும் கிரீஸ்தான் காப்பு, அதைத் தவணை தவறாமல் போட ஆள் வேண்டும்.

இப்போது அமெரிக்கா. ஜப்பான் 1964 அக்டோபரில் ஷின்கான்சென் என்ற முதல் புல்லட் ரயிலை விட்டது. (அந்த வருஷ டிசம்பரை இந்தக் கரை வேறு காரணத்துக்காக, தனுஷ்கோடிப் புயலுக்காக, நினைவு வைத்திருக்கிறது.) அடுத்த ஆண்டே அமெரிக்கா அதிவேகத் தரைப் போக்குவரத்துக்கு ஒரு சட்டம் போட்டது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அங்கே அதிவேகம் என்று சொல்லத் தக்கதாக ஓடுவது ஒன்றுதான்: பாஸ்டன்–நியூயார்க்–வாஷிங்டன் இடையே அந்நாட்டு அரசின் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் நடத்தும் அசேலா. 735 கி.மீ. பாதை. 2000 டிசம்பரில் தொடங்கியபோது உச்ச வேகம் 240. 2025 ஆகஸ்டில் வந்த புது வண்டிகளுக்கு 257.

அந்த 257ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதையில் 240ஐத் தொடக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். தாராளமாக 80 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், 240க்குப் பதில் 257இல் ஓடினால் மிஞ்சுவது ஒன்றேகால் நிமிடம். அதே பாதையில் பால்டிமோரில் 1873இல் தோண்டிய ஒரு சுரங்கப்பாதை, இரண்டே கால் கி.மீ. நீளம், வளைவு, ஈரக்கசிவு, அனுமதித்த வேகம் 48 கி.மீ. அதற்குப் பதில் இப்போது கட்டிவரும் புதுச் சுரங்கத்தில் 160 கிடைத்தாலே இரண்டு நிமிடம் மிச்சம். வேகம் குறைப்பதிலும் மறுபடி எடுப்பதிலும் போகும் நேரமும் அதோடு சேரும். பல ஆயிரம் கோடிப் புது வண்டி கொடுப்பதைவிட ஒரு பழைய பொந்தை அடைப்பது அதிகம் கொடுக்கிறது. பாம்பன் கணக்கேதான், எண்கள் மட்டும் வேறு.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. அதே பாதையில் கனெக்டிகட் ஆற்றின்மேல் 1907இல் கட்டிய தூக்குப்பாலம் நம் பழைய பாம்பனின் சாதியேதான்: சிகாகோவின் ஷெர்சர் கண்டுபிடித்த உருளும் வகை. படகு வந்தால் நிமிரும், அமெரிக்காவின் அதிவேக ரயில் ஆற்றங்கரையில் காத்து நிற்கும். நியூஜெர்சியில் ஹேக்கன்சாக் ஆற்றில் 1910ஆம் ஆண்டின் போர்ட்டல் பாலம் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும் வகை. திரும்பிய பாலம் மறுபடி சரியாகப் பொருந்தாமல், ஆட்கள் சம்மட்டியால் அடித்து உட்கார வைத்த கதை அங்கே பிரசித்தம். பக்கத்திலேயே கப்பல் அடியில் போகும் உயரத்துக்கு அசையாத பாலம் கட்டி மாற்றுகிறார்கள். ஹட்சன் ஆற்றுக்கடியில் உள்ள 1910 சுரங்கங்களில் 2012 சாண்டி புயலில் உப்புத் தண்ணீர் புகுந்தது. தண்ணீரை வடித்தாலும் உப்பு கான்கிரீட்டுக்குள்ளும் கேபிளிலும் தங்கித் தின்றுகொண்டே இருக்கிறது. உப்பு என்ன செய்யும் என்று மண்டபத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஓட்டை உடைசல் இருந்தும் அசேலா பாதை அதிவேக ரயிலுக்குச் சாதகமான வாதம்தான். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே விமானத்தில் போகிறவர்களைவிட ரயிலில் போகிறவர்கள்தான் அதிகம். 360 கி.மீ. தூரம், மூன்று மணி நேரத்துக்குள் பயணம், ஏறுவதும் இறங்குவதும் ஊர் நடுவே, விமான நிலையச் சோதனை வரிசை இல்லை. 200 முதல் 800 கி.மீ. வரை, இரு முனையிலும் பெரிய ஊர், இறங்கியதும் மெட்ரோவோ பஸ்ஸோ கிடைக்கிற இடம் என்று இந்த மூன்றும் சேர்ந்தால் ரயில் ஜெயிக்கும். டிக்கெட் நூறு டாலரைத் தாண்டினாலும் ஆள் ஏறுகிறார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு உதைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினால் வீட்டுக்குப் போக அங்கே பலருக்கும் கார்தான் வேண்டும். கார் எப்படியும் வேண்டும் என்றால் காரிலேயே வந்துவிடுவோமே என்று நினைப்பது மனித சுபாவம். அதிவேக ரயில் வேண்டாம் என்பவர்களின் இந்தப் பேச்சை அலட்சியம் செய்ய முடியாது.

கலிஃபோர்னியாதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். 2008 நவம்பரில் வாக்காளர்கள் சுமார் 1,000 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 2 மணி 40 நிமிடம், செலவு 3,300 கோடி டாலர் என்றார்கள். இப்போது மதிப்பீடு 10,000 கோடி டாலருக்கு மேல். 2015இல் ஃபிரெஸ்னோவில் வேலை தொடங்கியது. நடப்பது மெர்செட்–பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற நடுப்பள்ளத்தாக்குச் சமவெளித் துண்டில், இன்னும் பயணி ஏறவில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு 400 கோடி டாலர் மானியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

செலவு ஏறியதற்குக் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: முழு நிலமும் கைக்கு வருமுன் ஒப்பந்தம் விட்டது, துண்டு துண்டாக வழக்கு, சுற்றுச்சூழல் ஆய்வு வருஷக்கணக்கில், பணம் தவணை தவணையாக வந்தது. அதைவிடப் பெரிய கோளாறு வரிசையில் இருக்கிறது. பயணிக்கு நேரம் விரயமாவது இரு முனைகளில் உள்ள மலைகளில். மலையைக் குடைந்தால்தான் மிச்சம். அவர்கள் சமவெளியில் முதலில் போட்டார்கள், மலைக்குக் காசில்லை. மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய பாதை நடுவில் கிடக்கும், இரண்டு முனையிலும் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். பழைய பாம்பன் பாலத்தை 10 கி.மீ. வேகத்திலேயே விட்டுவிட்டுப் பரமக்குடிக்கும் சத்திரக்குடிக்கும் நடுவே புல்லட் தண்டவாளம் போட்டதற்குச் சமம்.

ஃபுளோரிடாவில் வேறு பாடம். அங்கே பிரைட்லைன் என்ற தனியார் கம்பெனி 2023 செப்டம்பரில் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ வரை ஓட்டத் தொடங்கியது. 378 கி.மீ., மூன்றரை மணி நேரம், டீசல் எஞ்சின், உச்சம் 200. முழு அதிவேகம் இல்லை. இருந்த சரக்குப் பாதையைத் திருத்திக்கொண்டு, கடைசித் துண்டுக்கு மட்டும் புதுப் பாதை போட்டதால் சீக்கிரம் முடிந்தது. விலை வேறு வகையில் கொடுத்தார்கள். ஊர்களுக்குள் நூற்றுக்கணக்கான லெவல் கிராசிங், ஆள் அடிபடுவது ஓயவில்லை. ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி, மண்டபம் வரை பாதையோரம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கேட், கேட்டுக்கு அடியில் நுழையும் பைக், சீமைக் கருவேலத்துக்குள்ளிருந்து திடீரென்று வரும் ஆட்டு மந்தை. 130ஐத் தாண்ட வேண்டும் என்றால் இருபுறமும் வேலி வேண்டும், கேட்டுக்குப் பதில் மேம்பாலமோ கீழ்ப்பாலமோ வேண்டும். கீழ்ப்பாலம் நம் கரையில் மழைக்காலக் குளம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற மணலில் மோட்டார் இறைப்பு இல்லாமல் கீழ்ப்பாலம் கட்டித் தருவதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆக, ராமநாதபுரத்துக்கு அதிவேக ரயில் வேண்டுமா? வேண்டாம் என்பதே இந்த விமர்சனத்தின் முடிவு. மும்பை–ஆமதாபாத் 508 கி.மீ. புல்லட் பாதைக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. அந்தப் பாதையில் இரண்டு முனையும் பெருநகரம், வருஷம் முழுக்கக் கூட்டம். ராமேஸ்வரக் கூட்டம் அப்படி இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை, நடுவில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஜன்னல் சீட் கிடைக்கும். தினசரி ஏறுகிறவர்களில் பலர் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள், அன்ரிசர்வ்டு டிக்கெட்காரர்கள். அவர்களுக்கு 300 கி.மீ. வேகத்தால் ஒன்றுமில்லை. மதுரை–ராமேஸ்வரம் பாசஞ்சர் கூடுதலாக இரண்டு, மானாமதுரை வரை இரட்டைப் பாதை, காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரிக்குப் பல காலமாகக் காகிதத்தில் இருக்கும் கடற்கரைப் பாதை. கேட்க வேண்டியவை இவைதான். இன்று கீழக்கரைக்காரர் தூத்துக்குடிக்கு ரயிலில் போக நினைத்தால் மானாமதுரைப் பக்கம் சுற்றிப் போக வேண்டும். பஸ்ஸில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்விடுகிறார்.

இப்போதைக்கு இருக்கும் வண்டிகளில் எதை எடுப்பது? சென்னையிலிருந்து நேரம் முக்கியம் என்றால் சேதுதான். ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றி வரும். டெல்டாவில் ஏறுகிறவர்களுக்கு நல்லது, சென்னைக்காரருக்குச் சுற்று. பாலத் திறப்பன்று தொடங்கிய தாம்பரம் வண்டி திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழி. ரயிலை மறந்திருந்த ஊர்களுக்கு அது பெரிய உபகாரம், வேகத்தை அதில் தேட வேண்டாம். எழும்பூரில் வேலை நடப்பதால் வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளவும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அமாவாசைத் தேதியைக் காலண்டரில் பார்த்துப் பின்னோக்கி எண்ணி அன்று காலை 8 மணிக்கே போட வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால், ராமேஸ்வரத்திலிருந்து டிக்கெட் போட்டு ஏறும் இடத்தை ராமநாதபுரம் என்று கொடுத்துப் பார்க்கவும். புறப்படும் ஊருக்குத்தான் பெரிய ஒதுக்கீடு, கட்டண வித்தியாசம் கொஞ்சம்தான். ஏறும் இடத்தை மாற்றாமல் விட்டால் ராமேஸ்வரத்தில் வரவில்லை என்று எழுதி பெர்த்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தட்கல் முந்தின நாள் காலை, ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ஆதார் இணைக்காத கணக்கில் இணையத்தில் தட்கல் கிடைக்காது, அதை அன்று காலை உட்கார்ந்து செய்ய நேரம் இருக்காது.

ஒன்று மட்டும் எந்தப் பாலத்தாலும் மாறவில்லை. ஆனி, ஆடிக் கச்சான் காற்றோ கார்த்திகைப் புயலோ பலமாக அடித்தால் காற்றுமானி சிக்னலைச் சிவப்பாக்கும், வண்டி மண்டபத்தில் நிற்கும். ஒரு மணி நேரமா, ஐந்து மணி நேரமா என்று ஸ்டேஷன் மாஸ்டராலும் சொல்ல முடியாது. திதி கொடுக்கவோ தரிசனத்துக்கோ நேரம் குறித்திருப்பவர்கள் மண்டபத்திலேயே இறங்கி மெயின் ரோட்டுக்கு வந்தால் ராமேஸ்வரம் பஸ் அடிக்கடி வரும், இருபது கி.மீ.க்குள்தான். சாமான் அதிகம், வயதானவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் வண்டியிலேயே இருப்பது மேல். மண்டபத்தில் ராத்திரி ஆட்டோ கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.